எந்த இரும்பு?

ஏற்காடு
06.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் அருளால் உன் தங்கை மேரி இங்கே சுகம். பொன்மலையில் நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாரா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாரா?

கன்னியாஸ்திரீ ஆவதற்காக இந்த நவதுறவு இல்லத்துக்கு வந்து மூன்று மாதம் முடிந்துவிட்டது. இங்குள்ள சட்டதிட்டங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு, மேரி மறந்துவிட்டாள் என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. இந்த ஒரு வருஷம் எங்களுக்குப் போன் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று ஒரே ஒரு கடிதம் எழுதலாம். நீ எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் வருவதையும் போவதையும் எங்கள் பொறுப்பாளர் மதர் ஒருமுறை படித்துவிட்டுத்தான் கொடுப்பார். இதையும் படிப்பார். மதர், வணக்கம்!

டிப்ளமோ படித்து, ஆறு வருஷம் நம் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் பிரித்த கைக்கு இங்கே வெங்காயம் உரிக்கும் வேலை. போன வாரம் கிரைண்டர் நின்றபோது மட்டும் என்னைத் தேடினார்கள். பெல்ட் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷாப்பில் வேலை வருகிறதா? ஸ்ரீரங்கம் பல் டாக்டர் மைதிலி அந்தச் சிவப்புக் காரைக் கொண்டுவரப்போவதாகச் சொன்னாரே, வந்தாரா? இரண்டே பேர் உட்காரும் அந்தக் காரில் கைவைக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. என்ன வேலை கேட்கிறார் என்று மறக்காமல் எழுது.

அம்மாவுக்கு முத்தம். உனக்கு ஒரு குட்டு.

அன்புத் தங்கை,
இருதயமேரி


பொன்மலை
15.10.2024

பாசமுள்ள பாப்பாவுக்கு அண்ணன் ஆரோக்கியராஜ் எழுதுவது.

நாங்கள் சுகம். தைலம் அலமாரியில்தான் இருக்கிறது, நீ சொன்னது சரி. குளிருக்கு ஸ்வெட்டர் போடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

கார் வந்துவிட்டது. டாக்டரம்மா பிப்ரவரி 16 அன்று கோயம்புத்தூர் டிராக்கில் டைம் டிரையல் ஓட்டப்போகிறார். ரெவ் ஏற சோம்பலாக இருக்கிறது என்று லைட் வெயிட் பிளைவீல் போடச் சொல்கிறார். கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச் அசெம்பிளியைக் கழற்றி, எல்.டபிள்யூ.எஃப்.பை மாட்டி, பிரஷர் பிளேட்டை அலைன் பண்ணினால் ஜோலி முடிந்தது. ரெடிமேடாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று கேட்டார். மூன்று மாதம் ஆகுமே, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாசலிலேயே கேட்பது, “தங்கச்சி இல்லீங்களா?” என்றுதான். நான் என்ன, வாட்ச்மேனா? ஒருத்தர் காரைத் திருப்பிக்கொண்டே போய்விட்டார். போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்காகவும் இரண்டு ஜெபம் சேர்த்துச் சொல்.

அண்ணன்,
ஆரோக்கியராஜ்


ஏற்காடு
03.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். ஸ்வெட்டர் போடுகிறேன். இரண்டு போடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

உன் கடிதத்தால் எனக்கு விசாரணை நடந்தது. மதர் என்னைக் கூப்பிட்டு, கடிதத்தை மேஜைமேல் விரித்துவைத்தார். எல்.டபிள்யூ.எஃப். என்பதற்குக் கீழே சிவப்புக் கோடு. “மேரி, இது யாரு?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். “சிரிக்காதம்மா. படிக்கிறது என் கடமை. புரியாம எப்படிப் படிக்கிறது? பிரஷர் பிளேட்டை அலைன் பண்றதுன்னா, யாரை யாரோட?” என்றார்.

எல்.டபிள்யூ.எஃப். என்பது லைட் வெயிட் பிளைவீலின் சுருக்கம் என்று உட்கார்ந்து விளக்கினேன். இன்ஜினின் பின்பக்கத்தில் ஒரு கனமான சக்கரம் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும், அதுதான் பிளைவீல். கனம் இருப்பதால் இன்ஜின் திணறாமல் ஓடும். ஆனால் அந்தக் கனத்தையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருப்பதால் வேகம் பிடிக்க நேரம் ஆகும். சக்கரம் லேசாக இருந்தால், காலை வைத்ததும் இன்ஜின் சீறும், எடுத்ததும் அடங்கும். பந்தயத்துக்கு நல்லது, கடைத்தெருவுக்குத் தொல்லை. மதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதையே உங்க அண்ணன் இப்படி எழுதலாமே?” என்றார். அதனால் இனிமேல் புரிகிற தமிழில் எழுது. அது அவர் வேண்டுகோள்.

என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ரெடிமேடாக ஸ்டீலில் வருவதையே வரவழை. மூன்று மாதம் ஆனாலும் பிப்ரவரி முதல் வாரத்தில் வந்துவிடும், போட்டிக்கு முன்னால் மாட்டிவிடலாம். நாமாகக் கைவைத்துப் பார்க்கிற சாமான் இல்லை அது.

டிசம்பர் திருவருகைக் காலம். அந்த மாதம் எங்களுக்குக் கடிதம் எழுதவும் கிடையாது, வந்ததை வாங்கவும் கிடையாது. கிறிஸ்துமஸ் அன்று மொத்தமாகத் தருவார்கள். அதனால் பதில் வரவில்லையே என்று நினைக்காதே.

வந்தவர் திரும்பிப் போனார் என்று எழுதியிருந்தாய். அவருக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.

அன்புத் தங்கை,
மேரி


பொன்மலை
08.12.2024

பாசமுள்ள பாப்பாவுக்கும், இதைப் படிக்கப்போகும் மரியாதைக்குரிய மதர் அவர்களுக்கும்,

இருவருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். இங்கே அம்மாவும் நானும் நலம். மழை விடாமல் பெய்து ஒர்க்‌ஷாப் வாசலில் முழங்கால் தண்ணீர். அம்மா தைலத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார், காரணம் நீ இல்லை, மழை.

மதர் அவர்களே, இந்தக் கடிதத்தில் புரியாத ஆங்கிலம் தேடினாலும் கிடைக்காது. டாக்டரம்மாவின் வண்டியில் லேசான சக்கரத்தைப் பொருத்தியாயிற்று! பழைய நிலையில் எட்டரைக் கிலோ, இப்போது ஐந்து கிலோ. நல்ல இரும்பு. ஓரத்தில் வரிசையாகத் துளைகள், பார்க்கவே கண்ணுக்கு அழகு. எல்லா வேலையும் நானே செய்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை யோசனை கேட்கவில்லை.

டாக்டரம்மா காவிரிப் பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் பல். “ஆரோக்கியம், காலை வெச்சா பறக்கறது! ஆனா மாம்பழச்சாலை சிக்னல்ல மூணு தடவை நின்னு போயிடுத்து. பின்னாடி பஸ்காரன் என் பரம்பரையையே இழுத்துட்டான்” என்றார். நான், “பழகிடுங்க, சரியாயிடும்” என்றேன். அதற்குள் ஸ்ரீரங்கத்தில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டார். அவர் சொல்லி ஒரு வண்டி வேலைக்கு வந்தது. வந்தவர் உன்னைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

அம்மா செய்த கேக்கும் மணப்பாறை முறுக்கும் தனியாகப் பார்சலில் வருகின்றன. மதருக்கும் கொடு.

அண்ணன்,
ஆரோக்கியராஜ்


ஏற்காடு
05.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கும் உனக்கும் புத்தாண்டு வாழ்த்து. கேக் முழுதாக வந்தது, முறுக்கு பொடியாக வந்தது. இரண்டும் தீர்ந்துவிட்டன.

உன் கடிதம் கிறிஸ்துமஸ் அன்று கைக்கு வந்தது. முதல்முறை படித்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை, அண்ணன் தனியாகச் சாதித்துவிட்டானே என்று பெருமையாக இருந்தது. மூன்றாம் முறை படிக்கும்போது பேனாவை எடுத்துச் சில வரிகளுக்குக் கீழே கோடு போட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்று எழுதியது நீதான். அப்படியானால் டிசம்பர் எட்டாம் தேதிக்குள் அது எப்படி வந்தது? “பழைய நிலையில் எட்டரைக் கிலோ, இப்போது ஐந்து” என்கிறாய். புதுச் சக்கரத்துக்குப் பழைய நிலை ஏது? “நல்ல இரும்பு” என்கிறாய். எந்த இரும்பு அண்ணே?

அந்தக் காரோடு வந்த சக்கரம் வார்ப்பு. உருக்கி அச்சில் ஊற்றியது. அதை லேத்தில் கொடுத்துக் கடைந்து, துளையும் போட்டு மாட்டியிருக்கிறாயா? கனமாக இருக்கும்வரை அது தாங்கும். மெலிந்தபிறகு நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றில் அது தெறித்தால், மேல்மூடியைக் கிழித்துக்கொண்டு வரும். அது இருக்கும் இடம் ஓட்டுகிறவரின் பாதத்துக்கு அரை அடி தள்ளி. இது உனக்குத் தெரியாததா?

மதரிடம் சொன்னேன். “இரும்பு இரும்புதானே மேரி?” என்றார். போன மாதம் சமையலறையில் விழுந்து இரண்டாகப் போன தோசைக்கல்லைச் சொன்னேன். அது வார்ப்பு. பக்கத்திலிருக்கும் தகட்டுக்கல் பத்து தடவை விழுந்தாலும் வளையுமே தவிர உடையாது. இரண்டையும் நாம் இரும்புக்கல் என்றுதான் சொல்கிறோம். மதருக்கு உடனே விளங்கிவிட்டது, முகம் மாறிவிட்டது.

வார்ப்பா, ஸ்டீலா? ஒரே ஒரு வார்த்தை எழுது, போதும். ஸ்டீல் என்றால் உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதுகிறேன். வார்ப்பு என்றால் டாக்டரிடம் இன்றைக்கே சொல்லி வண்டியை நிறுத்து.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மேரி


பொன்மலை
18.01.2025

பாசமுள்ள பாப்பாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலத்துக்கு அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறார்.

பொங்கல் நல்லபடியாக நடந்தது. எதிர் லைன் குவார்ட்டர்ஸ் சுபஸ்ரீ அக்கா வீட்டிலிருந்து மூன்று வகைப் பொங்கல் வந்தது. அம்மா பதிலுக்கு நம் வீட்டு வாழைக்காயைக் கொடுத்தார். பங்குக் கோயிலில் புது மைக் செட் போட்டிருக்கிறார்கள், சாமியார் பிரசங்கம் ஜி கார்னர் வரை கேட்கிறது. ஒர்க்‌ஷாப் கூரையில் ஒழுகிய இடத்தைத் தார் வைத்து அடைத்துவிட்டேன். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கியாயிற்று, ஆனால் பழையதைத்தான் போடுகிறார். அந்த வாழையின் பக்கக் கன்றும் குலை தள்ளியிருக்கிறது. நீ நட்டது என்று அம்மா யாரையும் வெட்ட விடவில்லை.

டாக்டரம்மாவின் வண்டி நன்றாக ஓடுகிறது. போட்டிவரை ரொம்ப விரட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீ ஒன்றும் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அங்கே போனது ஜெபம் பண்ணத்தான், இங்கே நடப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்,
ஆரோக்கியராஜ்


ஏற்காடு
27.01.2025
(விரைவு அஞ்சல்)

அன்புள்ள தம்பி ஆரோக்கியராஜ் அவர்களுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் குடும்பத்தில் இருப்பதாக. தங்கள் தாயாரின் உடல்நலத்துக்கு இங்கே வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள் கடிதங்களை இதுவரை படித்துவந்த சிஸ்டர் லூர்துசெல்வி எழுதுகிறேன். மேரியின் கடித நாள் அடுத்த ஞாயிறுதான். அதுவரை பொறுக்க எனக்கே மனம் வரவில்லை. நேற்றும் இன்றுமாக இல்லத்துப் போனிலிருந்து உங்களை மூன்று முறை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என்று நினைத்திருப்பீர்கள்.

உங்கள் தங்கை கேட்டது ஒரு வார்த்தை. நீங்கள் வாழைக்குலை முதல் மைக் செட் வரை எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வார்த்தை அதில் இல்லை. படித்ததிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்திருக்கிறாள்.

புரிகிற தமிழில் எழுதும்படி நான்தான் உங்களைக் கேட்டேன். அதனால் இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. இப்போது புரியாத ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, உண்மையை எழுதுங்கள். அதற்கு முன்னால் அந்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
சிஸ்டர் லூர்துசெல்வி


பொன்மலை
03.02.2025

பாப்பாவுக்கு,

வார்ப்பு.

முதலில் அதை எழுதிவிட்டேன். இனி மற்றதைச் சொல்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். இந்த இரண்டையும் படித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி.

நீ நினைத்ததுதான் நடந்தது. புதுச் சக்கரத்துக்கு நான் சொல்லியே அனுப்பவில்லை. பழையதைக் கழற்றி, அரியமங்கலம் பிச்சமுத்து அண்ணன் லேத்துக்குக் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கியதுமே, “தம்பி, இது வார்ப்பாச்சே, தாங்குமா?” என்று கேட்டார். “நான் பாத்துக்கறேன், நீங்க கடைங்க” என்றேன். தாங்காது என்று தெரியும். ஒருவேளை தாங்கிவிடும் என்றும் ஒரு மனம் சொன்னது. அந்த மனதைத்தான் கேட்டேன்.

ஏன் செய்தேன் என்றால், “தங்கச்சி இல்லீங்களா?” என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. நீ இல்லாமல், உன்னைக் கேட்காமல், ஒரு பெரிய வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்று வெறி. புதுச் சக்கரத்தை வாங்கி மாட்டினால் அதில் என் பெயர் எங்கே இருக்கிறது? மதர் புரிகிற தமிழில் எழுதச் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. இரும்பு என்று எழுதினால் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. எழுதும்போது அந்தச் சொல்லில் பேனா நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மதர் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார், என்ன கடிதம் என்று கேட்டார். சொல்லவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு நேராக ஸ்ரீரங்கம், அடையவளஞ்சான் வீதி கிளினிக்குக்குப் போனேன். நாலு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் பல்வலிக்காரன் மாதிரி வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது.

“என்ன ஆரோக்கியம், எந்தப் பல்?” என்றார் டாக்டர்.

“பல் இல்லீங்க டாக்டர். உங்க கார்ல இருக்கறது புதுச் சக்கரம் இல்லீங்க. பழைய சக்கரத்தையே கடைஞ்சு மாட்டியிருக்கேன். அது வார்ப்புங்க. வேகத்துல வெடிக்கலாம்.”

“எங்க வெடிக்கும்?”

“உங்க காலுக்குப் பக்கத்துலங்க.”

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு, “நேத்து சாயங்காலம் அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சுண்டு கல்லணை வரைக்கும் போயிட்டு வந்தேன்” என்றார். சத்தமே போடவில்லை பாப்பா. போட்டிருந்தால் தேவலை. எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

“சாவி மேஜை மேல இருக்கு. ஓட்டாதேள். கட்டி இழுத்துண்டு போங்கோ” என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

சனிக்கிழமை கழற்றினேன். வெல்டிங் சோதனை செய்யும் நம் விக்டரை வரவழைத்தேன். வெல்டிங்கில் விரிசல் பார்ப்பதற்கு அவன் தடவும் சிவப்பு மருந்தைச் சக்கரத்தில் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தான். ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றோம். போல்ட் துளையிலிருந்து நான் போட்ட துளைவரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழும்பி வந்தது. விக்டர் என்னைப் பார்த்தான். “அண்ணே, யாரு ஓட்டினா இதை?” என்று மட்டும் கேட்டான்.

நேற்று டாக்டருக்குப் போன் செய்து கோட்டைப் பற்றிச் சொன்னேன். அதையும் மறைத்திருக்கலாம், சொல்லிவிட்டேன். பதினாறாம் தேதி ஓடப்போவதில்லை என்றார். “வண்டியை எங்கே அனுப்பட்டும், எந்த மெக்கானிக்கிட்ட?” என்று கேட்டேன்.

“நானே ஸ்டீல்ல ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டேன். நீங்களே மாட்டுங்கோ.”

“நானாங்க?”

“தப்புப் பண்ணா வரிசையில உக்காந்து வந்து சொல்ற ஆள் நீங்கதான்னு தெரியும். வேற ஒருத்தர் சொல்லுவாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, ஆனால் சோறு போடுகிறார்.

மதருக்கு என் வணக்கம். போனை எடுக்காததற்கு மன்னிக்கச் சொல். அவர் நினைத்தது சரிதான், கடன்காரர்கள் என்றுதான் நினைத்தேன். பெட்டியைக் கட்டிலிலிருந்து எடுத்து இருந்த இடத்தில் வை.

அண்ணன்


ஏற்காடு
07.02.2025

அன்புள்ள அண்ணே,

இது கடித நாள் இல்லை. உன் கடிதத்தை மதர் தோட்டத்துக்கே எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அறுபத்திரண்டு வயதில் அவர் ஓடி இன்றைக்குத்தான் பார்த்தேன். “கழட்டிட்டாரு மேரி, கழட்டிட்டாரு!” என்று தூரத்திலிருந்தே கத்தினார். நான் களைக்கொத்தைப் போட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம். பிறகு, “இன்னிக்கே பதில் எழுது, சட்டத்தை நான் பார்த்துக்கறேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் கடித நாளாக இருந்தும் உனக்கு எழுதவில்லை. மூன்று தாள் கிழித்தேன். திட்டி ஒன்று, கெஞ்சி ஒன்று, மூன்றாவதில், நான் புறப்பட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தேன். வந்து, நானே வண்டிக்கு அடியில் படுத்து அதைக் கழற்றிவிடுவது என்ற முடிவு. வந்தால் திரும்பிப் போக மாட்டேன் என்றும் எனக்குத் தெரியும். அண்ணனை நம்பி விட்டுவிட்டு வந்தது தப்பு என்று ஆகிவிட்டால், பிறகு இங்கே எந்த மனதோடு இருப்பது? அதற்குத்தான் பெட்டி.

உன்மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நிறைய இருக்கிறது. ஜூலையில் நான் துறவியாக வாக்குக் கொடுக்கும் வார்த்தைப்பாட்டுக்கு வருவாய் அல்லவா, அப்போது நேரில் தருகிறேன். ஆனால் அந்த வரிசையில் நீ உட்கார்ந்திருந்ததை நினைத்தால் கோபம் மனதில் தங்க மாட்டேன் என்கிறது. வாசலில் என்னைக் கேட்டவர்கள் யாருக்காவது நான் அப்படி உட்கார்ந்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இது என் புத்தி. போல்ட் எட்டும் புதிது போடு, பழையதைத் திரும்ப முடுக்காதே. குறுக்குக் குறுக்காக, மூன்று சுற்றாக முடுக்கு. மாட்டிய பிறகு நியூட்ரலில் நிற்கும்போது கியர் பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும். பதறிப்போய்க் கழற்றாதே. கிளட்சை மிதி. சத்தம் நின்றால் அது நோய் இல்லை, லேசான சக்கரத்தின் சுபாவம். மிதித்தும் நிற்காவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

தவக்காலத்தில் மறுபடியும் கடிதம் கிடையாது. ஈஸ்டருக்குப் பிறகு எல்லாவற்றையும் எழுது. அம்மா பேசிவிடுவார், கவலைப்படாதே. தைலத்தை நீயே எடுத்துத் தேய்த்துவிடு, பேசிவிடுவார்.

பெட்டியை அலமாரிமேல் வைத்துவிட்டேன்.

அன்புத் தங்கை,
மேரி


பொன்மலை
28.04.2025

பாசமுள்ள பாப்பாவுக்கு, மதருக்கும் சேர்த்து,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். அம்மா நலம். தைலம் தேய்த்துவிட்ட அன்றே பேசிவிட்டார். முதல் வார்த்தை, “மெதுவாத் தேய்டா” என்பதுதான்.

ஸ்டீல் சக்கரம் எதிர்பார்த்ததற்கு ஒரு மாதம் முன்னதாக, ஏப்ரல் முதல் வாரமே வந்தது. நாலரைக் கிலோ. போல்ட் எட்டும் புதிது. நீ சொன்னபடியே குறுக்குக் குறுக்காக முடுக்கினேன். மாட்டி இன்ஜினைப் போட்டதும் கடகடவென்று ஆரம்பித்தது பார், நீ எழுதியிருந்தும் எனக்கு உயிர் போய்விட்டது. டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “டப்பாவுல நட்டைப் போட்டு ஆட்டறாப்பல இருக்கே?” என்றார். கிளட்சை மிதித்தேன். சட்டென்று அமைதி. விட்டேன், கடகட. மிதித்தேன், அமைதி. பத்து தடவை மிதித்து மிதித்துப் பார்த்தேன். “போதும் ஆரோக்கியம், நம்பறேன்” என்று டாக்டர் சிரித்தார். உண்மையில் நான்தான் என்னை நம்பாமல் மிதித்துக்கொண்டிருந்தேன்.

மாட்டிய பிறகு விக்டரைக் கொண்டு ஒருமுறை, நானாக ஒருமுறை, எல்லாவற்றையும் சரிபார்த்தோம். வண்டி எடுக்கும்போது டாக்டரிடம் ஒரு தாளில், என்ன மாட்டியிருக்கிறேன், எதனால் செய்தது, எப்படி முடுக்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இனி எல்லா வண்டிக்கும் அப்படித்தான்.

நேற்று கோயம்புத்தூரில் அதே டிராக்கில் அடுத்த போட்டி. என்னையும் வரச் சொன்னார், போனேன். பதினேழு வண்டி. எல்லாம் இருபத்தைந்து வயதுப் பையன்கள், நடுவில் நம் பல் டாக்டர். முதலில் கிளப்பும்போதே ஒருமுறை நின்றுபோயிற்று. பையன்கள் சிரித்தார்கள். அடுத்த முறை பிடித்துவிட்டார். பிறகு அந்த வண்டி போனதைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைக்கும்போது இன்ஜின் உடனுக்குடன் கூப்பிட்ட குரலுக்கு வந்தது.

ஆனால் பாப்பா, நேர்ப்பாதையில் இன்ஜின் உச்சத்துக்குப் போகும் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்டீல் என்று தெரியும். என் கையால் முடுக்கியது, இரண்டு பேர் சரிபார்த்தது. இருந்தும் அந்தச் சிவப்புக் கோடுதான் கண்ணுக்குள் வந்தது. பிப்ரவரியில் இதே சத்தத்தை நான் இதே இடத்தில் நின்று கேட்டிருப்பேன் அல்லவா? ஆறு சுற்று. ஆறு முறையும் மூச்சு விடவில்லை. பக்கத்தில் நின்றவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஒன்பதாவது இடம். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். ஷூ கடிக்கிறது என்று அதையும் கழற்றி வண்டிக்குள்ளேயே எறிந்துவிட்டு, பகல் ஒரு மணி வெயிலில், கொதிக்கிற தாரின்மேல், “ஐயோ, சுடறதே, சுடறதே!” என்று குதித்துக் குதித்து என்னை நோக்கி ஓடி வந்தார். எதிரே வந்து, “ஒன்பதாவது ஆரோக்கியம், ஒன்பதாவது!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். புழுதி படிந்து, சூட்டில் சிவந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு பாதங்கள். பத்து விரலையும் எண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அண்ணன்,
ஆரோக்கியராஜ்